அலாஸ்காவில் ஆளுக்கொரு ஈவுத்தொகை: யாருக்குக் கிடைக்கும், பணம் எங்கிருந்து வருகிறது

எந்திரங்களும் செயற்கை நுண்ணறிவும் வேலைகளை எடுத்துக்கொண்டால் மக்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள் என்று பேச்சு எழும்போதெல்லாம், 'அனைவருக்கும் அடிப்படை வருமானம்' என்ற யோசனையும் கூடவே எழும். உடனே அடுத்த கேள்வி: அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? வரியைக் கூட்டாமலே இதற்கு ஒரு பதிலை 1982 முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம். அங்கே குடியிருப்போருக்கு ஆண்டுக்கொரு முறை ஈவுத்தொகை போகிறது. 2024இல் அது தலைக்கு 1,702 டாலர், அதாவது ஏறக்குறைய 1.4 லட்சம் ரூபாய். கைக்குழந்தைக்கும் அதே தொகைதான் என்பதால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு 6,808 டாலர் போயிருக்கும்.

முதலில் தகுதி. முந்தைய காலண்டர் ஆண்டு முழுவதும் அலாஸ்காவில் குடியிருந்திருக்க வேண்டும். தொடர்ந்து அங்கேயே இருக்கும் எண்ணமும் இருக்க வேண்டும். குடியுரிமை கட்டாயமில்லை, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் அகதிகளாக ஏற்கப்பட்டவர்களும் கேட்கலாம். வெளியூரில் படிக்கும் மாணவர்கள், ராணுவத்தில் இருப்பவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் ஆண்டில் 180 நாளுக்கு மேல் வெளியே தங்கினால் சிக்கல்தான். அந்த ஆண்டில் பெருங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவருக்கும், அதற்காகச் சிறையில் இருந்தவருக்கும் கிடைக்காது. ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை விண்ணப்பிக்கலாம்; பிள்ளைகளுக்காகப் பெற்றோர் விண்ணப்பிப்பார்கள். பெரும்பாலோருக்கு அக்டோபரில் பணம் வந்துவிடும். வருமானச் சான்று, நில அளவு, மின்கட்டண ரசீது, எதுவும் கேட்பதில்லை. கோடீஸ்வரருக்கும் மீன்பிடிப் படகில் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே தொகை. மாநிலத்துக்கென்று தனியே வருமான வரி கிடையாது. ஆனால் அமெரிக்க ஒன்றிய அரசின் கணக்கில் இது வருமானமாகத்தான் சேரும், அங்கே வரி உண்டு.

இனி பணம் வரும் வழி. 1968இல் ப்ரூடோ பே பகுதியில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே குத்தகை ஏலத்தில் மாநிலத்துக்கு 90 கோடி டாலர் கிடைத்தது. சில ஆண்டுகளில் அது செலவழிந்தும் போனது. எண்ணெய் ஒருநாள் தீரும், வரும் காசை அரசு அவ்வப்போது கரைத்துவிட்டால் பிறகு என்ன மிஞ்சும் என்ற கவலையில்தான் 1976இல் மக்கள் வாக்களித்து அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். கனிமக் குத்தகையிலும் ராயல்டியிலும் (எடுக்கும் கனிமத்துக்காகக் கம்பெனிகள் மாநிலத்துக்குக் கட்டும் பங்கு) குறைந்தது 25 விழுக்காடு ஒரு நிரந்தர நிதியத்துக்குப் போக வேண்டும். முதலைத் தொடக் கூடாது, அதை முதலீடு செய்து வரும் வருவாயைத்தான் எடுக்கலாம். அந்த நிதியம் இன்று சுமார் 8,000 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பங்குகள், கடன் பத்திரங்கள், நிலபுலன் என்று உலகமெங்கும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எந்திரமயத்தைப் பற்றி யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். அலாஸ்காக்காரருக்குக் கிடைப்பது எண்ணெய்க் கிணற்றின் லாபம் மட்டுமல்ல. பங்குச் சந்தைக் கம்பெனிகளின் லாபத்தில் ஒரு துளியும்தான். ஆளைக் குறைத்து எந்திரத்தைப் போட்டு ஒரு கம்பெனி லாபம் கூட்டினால், சாதாரணமாக அது பங்குதாரருக்குத்தான் போகும். இங்கே ஒரு மாநிலமே பங்குதாரராக உட்கார்ந்திருக்கிறது. வரியாக எடுத்துக் கொடுப்பது வேறு, உடைமையில் பங்கு வைத்திருப்பது வேறு. முதலாவதற்கு ஆண்டுதோறும் வரி வசூலிக்க வேண்டும். இரண்டாவதற்கு வளம் கொழிக்கும் காலத்திலேயே சேர்த்து வைக்கும் பொறுமை வேண்டும்.

ஈவுத்தொகைக்காகப் பாடுபட்டவர் அப்போதைய ஆளுநர் ஜே ஹேமண்ட், குடியரசுக் கட்சிக்காரர். 'நமக்கும் பங்கு இருக்கிறது' என்ற உணர்வு மக்களுக்கு இருந்தால் நிதியத்தில் கை வைக்க அரசியல்வாதிகள் தயங்குவார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் அவருடைய முதல் திட்டம் நிலைக்கவில்லை. மாநிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தார்களோ அத்தனை 50 டாலர் என்று வகுத்திருந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது பாரபட்சம் என்று ஒரு தம்பதி வழக்குப் போட, 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகே எல்லோருக்கும் சமமாக முதல் 1,000 டாலர் போனது.

சும்மா பணம் கொடுத்தால் யார் வேலைக்குப் போவார்கள் என்று கேட்பவர்களுக்கு: டேமன் ஜோன்ஸ், அயோனா மரினெஸ்கு என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். வேலையில் இருப்போரின் மொத்த விகிதம் குறையவில்லை. பகுதிநேர வேலை 1.8 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. மக்கள் கையில் காசு இருந்தால் கடைக்கு வியாபாரம், வியாபாரம் இருந்தால் ஆள் தேவை என்பது ஒரு விளக்கம்.

இந்த முடிவை ரொம்பவும் இழுத்து நீட்டக் கூடாது. 1,702 டாலரை மாதக் கணக்கில் பிரித்தால் 142 டாலர்கூட வராது. அதை நம்பி யாரும் வேலையை விட முடியாது. வேலை போனவருக்கு அது ஈடாகவும் ஆகாது. எல்லோருக்கும், தனித்தனியாக, நிபந்தனையின்றி, ரொக்கமாக என்ற அளவில் இது அடிப்படை வருமானம்தான். வயிற்றுப்பாட்டுக்குப் போதுமா என்றால், போதாது. தொலைதூரக் கிராமங்களில் குளிர்காலத்துக்கு எரிபொருள் வாங்க இது பெரிய உதவி. அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

தொகை ஏறி இறங்குவது இன்னொரு தலைவலி. 1984இல் 331 டாலர், 2015இல் 2,072, 2022இல் 3,284, மறு ஆண்டே 1,312. முன்பெல்லாம் நிதியத்தின் ஐந்தாண்டு வருவாயை வைத்து ஒரு சூத்திரப்படி கணக்கிட்டார்கள். எண்ணெய் விலை சரிந்து பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும், 2016இல் ஆளுநர் பில் வாக்கர் ஈவுத்தொகையைப் பாதியாக வெட்டினார். வழக்கு நடந்தது. சாசனம் காப்பது முதலைத்தான், மக்களுக்குப் போகும் தொகையை அல்ல. அது மற்ற செலவைப்போல சட்டமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டியதுதான் என்று 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018இல் வந்த சட்டப்படி ஆண்டுதோறும் நிதியத்தின் சராசரி மதிப்பில் 5 விழுக்காடு அளவுக்கு எடுக்கலாம் (முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் 5.25). அதே பணத்திலிருந்துதான் பள்ளிக்கூடமும் சாலையும் ஈவுத்தொகையும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் இழுபறி.

2025இல் கிடைத்தது 1,000 டாலர். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால், 1982இல் கொடுத்த அதே தொகையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஈவுத்தொகையையும் சாசனத்துக்குள் கொண்டுவர ஆளுநர் மைக் டன்லீவி முன்வைத்த திருத்தம் சட்டமன்றத்தைத் தாண்டவில்லை.