பூநாரைப் படத்துக்கு முன் எல்லையைச் சொல்லுங்கள்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் ஒரு குளக்கட்டில் அண்மையில் இன்னுமொரு பலகை நட்டிருக்கிறார்கள். பெரிய பூநாரைப் படம், ‘ஈரநிலங்களைப் பாதுகாப்போம்’ என்று மூன்று மொழியிலும் ஒரு வரி, கீழே நிதி தந்தவர்களின் சின்னங்கள். பூநாரை தேடிப் போவது மன்னார்க் கரையோர வங்காலை மாதிரியான ஆழமில்லாத உவர்நீரை. அந்த நன்னீர்க் குளத்தில் தினமும் வலை போடுகிறவர் அந்தப் பலகையைப் பார்த்து என்ன நினைப்பார்? பாதுகாக்கப்பட்ட ஈரநிலங்களுக்கு மக்கள் கல்வித் திட்டம் போடுவது என் தொழில். பலகை நட்டுப் படம் எடுத்ததோடு முடிந்துபோகும் திட்டங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

எந்த ஊரில் கூட்டம் வைத்தாலும் முதல் கேள்வி பறவையைப் பற்றி வராது. ஒரு கிராம அபிவிருத்திச் சங்க மண்டபத்தில் பின்வரிசையில் இருந்த பெரியவர் எழும்பிக் கேட்டார்: “தம்பி, குருவியின்ர பேரெல்லாம் வடிவாச் சொல்லுறியள். எங்கட காணி போகுமோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ.” மண்டபமே அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தது. போரில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தன் வயலோரத்தில் எல்லைக்கல்லைக் கண்டவர்கள் வாழும் மண் இது. வர்த்தமானி, அதாவது அரச அறிவித்தல் ஏடு, என்றாலே இங்கே வயிறு கலங்கும்.

ஆகவே ‘சரணாலயம் என்றால் காணி போச்சு’ என்ற எண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் வனசீவராசிகள் சட்டத்தில் பல வகைக் காப்பிடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது. தேசியப் பூங்கா அரச காணியில்தான் அமையும்; உள்ளே போக அனுமதிச்சீட்டு வேண்டும். சரணாலயம் அப்படியல்ல. அதற்குள் தனியார் காணி இருக்கலாம், போய்வர அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஆனால் வேட்டையாடுவதும் பறவைக் கூட்டைக் கலைப்பதும் முட்டை எடுப்பதும் அங்கே குற்றம், அது சொந்தக் காணியாக இருந்தாலும். அரச காணியில் மரம் தறிப்பதும் புதிதாகக் காடு வெட்டுவதும் கூடாது. மன்னாரின் பெரிய பாசனக் குளமான கட்டுக்கரைக் குளம் 1954 இலிருந்து சரணாலயம். அதற்குப் பிறகும் அந்தத் தண்ணீரில்தான் வயல் விளைகிறது, அந்தக் குளத்தில்தான் மீன் பிடிக்கிறார்கள். வங்காலை 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மன்னாருக்குப் போகும் பெருந்தெருவே அதை ஊடறுத்துத்தான் போகிறது. வடக்கில் உள்ள சுண்டிக்குளம் களப்பு வேறு கதை: 1938 இல் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்கா. வகை மாறினால் விதியும் மாறும். அந்த மாற்றத்தை அங்குள்ள மீனவக் குடும்பத்துக்கு யார் உட்கார்ந்து விளக்குவது? அதுதான் கல்வித் திட்டத்தின் முதல் வேலை. பறவைப் பெயர்ப் பட்டியல் பிறகு வரட்டும்.

ராம்சர் என்ற பெயரைக் கேட்டும் பயப்படுகிறார்கள். 1971 இல் உருவான அந்த உடன்படிக்கை ஈரநிலத்தை யாரும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. கெடுக்காமல் பயன்படுத்துங்கள் என்கிறது. இலங்கை அதில் 1990 இல் இணைந்தது.

அடுத்தது நாள் பார்ப்பது. உலக ஈரநில தினம் பெப்ரவரி 2. அன்று கூட்டம் வைத்துவிட்டு “கமக்காரர் அக்கறையில்லை” என்று அறிக்கை எழுதுகிறார்கள். அது காலபோக நெல்லை (மாரிமழையில் விளைவது) அருவிவெட்டும் நேரம்! வயலை விட்டுவிட்டு யார் வருவார்? விதைப்புக்கு முன், ஆவணி புரட்டாதியில் போங்கள். வலசைப் பறவைகளும் அப்போது இன்னும் பெருவாரியாக வந்திருக்காது. கமக்காரர் அமைப்பையும் மீனவர் சங்கத்தையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். இரண்டு பேருக்கும் வேண்டிய குளத்து நீர்மட்டம் ஒன்றல்ல. பெண்கள் எந்த நேரம் வரலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

தண்ணீர் வற்றும்போது எந்தச் சேற்றுத்திட்டில் ஊசிவால் வாத்துகள் இறங்கும் என்று கட்டுக்கரையில் ஒரு மீனவர் எனக்குக் கைநீட்டிக் காட்டினார். எங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பறவை பார்க்கும் மேடையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்று இப்படிப்பட்டவரிடம் கேட்காமல் கொழும்பில் இருந்து கோடு கீறாதீர்கள். மாணவருக்கு வழிகாட்டியாக அவரையே அமர்த்துங்கள், கூலியும் கொடுங்கள்.

ஆசிரியர்களே, பதினொரு மணி வெயிலில் ஒலிபெருக்கியோடு பிள்ளைகளைக் கொண்டுவராதீர்கள். விடியப் புறப்படுங்கள், ஒரு வகுப்பு போதும், இரண்டு மூன்று தொலைநோக்கியாவது இருக்கட்டும்.

படம் எடுக்க வருகிறவர்களுக்கு: கூட்டம் பறக்கும் காட்சிக்காகக் கல்லெறிவதும் ட்ரோனை இறக்குவதும் அநியாயம். நிறுத்துங்கள். மீனவ அண்ணன்மாரே, கிழிந்த தங்கூசி (நைலோன் இழை) வலையைக் கரையில் விட்டுப் போகாதீர்கள். காலில் நூல் இறுகி, தோல் அறுந்து, நிற்க முடியாமல் சரிந்து கிடந்த கொக்கை ஒருமுறை பார்த்தால் நீங்களும் பொறுக்க மாட்டீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, பலகை வைத்தே ஆகவேண்டுமா? வையுங்கள். ஆட்கள் நிற்கும் இடத்தில், தேநீர்க் கடையடியிலோ பஸ் தரிப்பிடத்திலோ வையுங்கள். எல்லை எதுவரை, இங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, சந்தேகம் வந்தால் எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதெல்லாம் முதலில் வரட்டும். அச்சுக்குக் கொடுக்க முன் ஊரில் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, விளங்கியதை அவரைக் கொண்டே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வருடம் போய்ப் பாருங்கள். கடற்காற்றில் தகரம் கறள் பிடித்திருக்கும், வெயிலில் எழுத்து வெளுத்திருக்கும். அதைத் திருத்தவும் இப்போதே பணம் ஒதுக்குங்கள்.