முகம் வெளிறுவது தவறல்ல: மன அழுத்தமும் ஸ்டோயிக் தத்துவமும்

"எதற்கும் கலங்கக் கூடாது என்பதுதானே ஸ்டோயிக் தத்துவம்? நானும் அப்படித்தான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு ஆலோசனைக்கு வருபவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். சொல்லும்போதே தாடை இறுகியிருக்கும். சற்று விசாரித்தால், தூக்கம் கெட்டுப் பல வாரங்களாகிவிட்டன, கழுத்துவலி விட்டபாடில்லை என்பார்கள். கலக்கத்தை வெளியே காட்டாமல் விழுங்குவதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயர்தான் ஸ்டோயிக். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸின் ஓவிய மண்டபத்தில் ஸீனோ தொடங்கிவைத்த மரபு அப்படி விழுங்கச் சொல்லவில்லை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் பதிவு செய்திருக்கும் ஒரு கடற்பயண நிகழ்ச்சியை. புயலில் சிக்கிய கப்பலில் எல்லோரும் அலறிக்கொண்டிருக்க, உடன் வந்த ஸ்டோயிக் தத்துவ ஆசிரியரின் முகமும் மற்றவர்களைப் போலவே வெளிறிப்போயிருந்தது. புயல் ஓய்ந்த பிறகு, இது தத்துவம் படித்தவருக்கு அழகா என்று செல்வந்தர் ஒருவர் கேலி செய்தார். பின்னர் கெல்லியஸ் பணிவாகக் காரணம் கேட்டபோது, அந்த ஆசிரியர் ஸ்டோயிக் தத்துவ அறிஞர் எபிக்டெட்டஸின் உரைகள் அடங்கிய நூலை எடுத்துக் காட்டினார். திடீர் ஆபத்தில் ஞானியின் உடலும் நடுங்கும், முகமும் வெளிறும், ஏனெனில் அவை அறிவு முந்திக்கொள்வதற்குள் நடந்துவிடுபவை. ஆனால் "இது பெருங்கேடு" என்று உள்ளே எழும் தீர்ப்புக்கு ஞானி இசைவு தருவதில்லை, வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்பது அதில் இருந்த விளக்கம்.

படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது ஆகியவை உடலின் எச்சரிக்கை மணி. அவற்றைத் தடுக்க முயல்வது வீண் வேலை. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கச் சொல்லிச் செய்யப்பட்ட ஆய்வுகளில், உள்ளே உடலின் கிளர்ச்சி குறையவில்லை, அதிகரிக்கவே செய்தது. நமக்கு வேலை இருப்பது அடுத்த கணத்தில். மனிதரைக் கலக்குவன நிகழ்வுகள் அல்ல, அவற்றைப் பற்றிய தீர்ப்புகளே என்று அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸ் சொன்னதை, 1950களில் தம் உளச்சிகிச்சை முறையை வகுத்த உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸும், எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிதிறன் சிகிச்சையை உருவாக்கிய மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் வேராக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்குப் பிரிவில் பணியாற்றும் ஒருவருக்கு (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) இரவு ஒன்பதே முக்காலுக்கு மேலதிகாரியிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது: "நாளை வந்ததும் என்னைப் பாருங்கள்." விடிகாலை இரண்டு மணிக்குள் அவர் மனத்தளவில் வேலையை இழந்து, கடனும் அடைக்க முடியாமல் தவித்து முடித்திருந்தார். தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, செய்தியில் இருந்ததை இடப்பக்கமும் தாம் சேர்த்ததை வலப்பக்கமும் எழுதச் சொன்னேன். இடப்பக்கம் ஒரே வரி. வலப்பக்கத்துக்குத் தாள் போதவில்லை. அங்கே "கோபமாகச் சொன்னார்" என்றும் எழுதியிருந்தார். எழுத்தில் வந்த செய்திக்குக் குரல் ஏது என்று கேட்டேன். அவர் அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் மறுநாள் நல்ல செய்தி ஒன்றும் காத்திருக்கவில்லை. அவருடைய அறிக்கையில் உண்மையாகவே ஒரு பிழை இருந்தது, திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நம்பவைக்கும் பயிற்சி அல்ல இது.

தீர்ப்பும் முயற்சியும் விருப்பு வெறுப்பும் நம் கையில் உள்ளவை. உடைமையும் புகழும் பதவியும் அப்படியல்ல என்பது எபிக்டெட்டஸின் பிரிப்பு. இதைத் தவறாகப் பிடித்துக்கொண்டு, பணியிடத்தில் நடக்கும் அவமதிப்பை "என் கையில் இல்லை" என்று சகித்துக்கொள்பவர்களும் உண்டு. பிறர் நடத்தை நம் கையில் இல்லாமலிருக்கலாம். புகார் எழுதுவது நம் கையில்தான் இருக்கிறது. அதுபோலவே, வாரக்கணக்கில் தூக்கமின்மை, நெஞ்சு வலி, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் இருப்பவர்கள் தாளையும் கோட்டையும் நம்பிக்கொண்டிராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்தத் தத்துவமும் அதற்கு ஈடாகாது.

சில வாரங்கள் கழித்து அந்தக் கணக்குப் பிரிவு ஊழியருக்கு மீண்டும் அதே போன்ற செய்தி வந்ததாம். நெஞ்சு முன்போலவே அடித்துக்கொண்டதாகச் சொன்னார். இடப்பக்கம் ஒரு வரி எழுதினாராம். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு, பன்னிரண்டு மணி சுமாருக்கு உறங்கிப்போனாராம்.