புது கிட் போட்ட பிறகும் பெட்ரோல் ஏன் ஒழுகுகிறது?

அப்பா ஓட்டிய பழைய 100 சிசி வண்டிக்கு பாலக்கோட்டில் கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்து, புது கிட் (அதற்குள் மாற்றும் ஊசி, கேஸ்கட் போன்ற சில்லறை உதிரிகள்) போட்டு எடுத்து வந்தோம். மறுநாள் காலை வாசலெல்லாம் பெட்ரோல் வாடை. வண்டிக்கு அடியில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது. "கிட் டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒகேனக்கல் தண்ணீர் வந்து விழும் எங்கள் வீட்டு சம்ப்பில் ஒரு மிதவைப் பந்து உண்டு. தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறிக் குழாயை அடைத்துவிடும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் அதே ஏற்பாடுதான். பெட்ரோல் ஏறியதும் ஃப்ளோட் உயர்ந்து, ரப்பர் முனை கொண்ட ஒரு சிறிய ஊசியை பித்தளைத் துளைக்குள் தள்ளும். அதோடு வரத்து நிற்கும்.

இதில் வேலை செய்யும் விசை எவ்வளவு தெரியுமா? டேங்க் பெட்ரோல் 30 செ.மீ. உயரத்தில் நிற்கிறது, துளை 2 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஊசியைக் கீழே தள்ளும் அழுத்தம் ஒரு கிராம் எடைகூட வராது. அதனால்தான் அத்தனை சிறிய ஃப்ளோட்டால் அதை அடைக்க முடிகிறது. ஆனால் ஃப்ளோட் அழுத்துவதும் சில கிராம்தான். நடுவில் ஒரு துரும்பு மாட்டினால் அதை நசுக்கி மூடும் பலம் அதற்குக் கிடையாது. புது ஊசியாக இருந்தாலும் கதை அதேதான்.

சரி, எங்கிருந்து ஒழுகுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் கசிந்தால் கேஸ்கட்; கீழே டிரெயின் திருகில் கசிந்தால் அதன் வாஷர். மிஞ்சிய பெட்ரோல் வெளியேறும் ஓவர்ஃப்ளோ குழாயில் வந்தால்தான் ஊசியையும் ஃப்ளோட்டையும் சந்தேகிக்கலாம். கிண்ணத்துக்குள் நிற்கும் அந்தப் பித்தளைக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் இப்படித்தான் ஒழுகும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

எங்களுடையது ஓவர்ஃப்ளோ. டிரெயின் முனையில் ஒரு கண்ணாடி டியூபை மாட்டி, கார்புரேட்டரை ஒட்டி மேல்நோக்கிப் பிடித்து, டிரெயின் திருகைத் தளர்த்தினேன். கிண்ணத்தில் இருக்கும் மட்டமே டியூபிலும் தெரியும். மட்டம் அளவுக்கு மேலே போய் நின்றுவிட்டால், ஊசி அடைக்கிறது, ஊசியைத் தள்ளும் ஃப்ளோட்டின் நாக்கைத்தான் லேசாக வளைத்துச் சரி செய்ய வேண்டும். நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தால் ஊசி அடைக்கவில்லை, அல்லது ஃப்ளோட் ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டது. காதருகே வைத்துக் குலுக்கினால் சலசலப்பு கேட்கும்.

டியூபில் மட்டம் நிற்கவே இல்லை. ஃப்ளோட்டைக் குலுக்கினேன், சத்தமில்லை. ஊசியை எடுத்து ரப்பர் முனையை வெளிச்சத்தில் பார்த்தேன். செந்நிறத் துகள் ஒன்று ஒட்டியிருந்தது. டேங்க் துரு. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார்கள். டேங்க்கை யாரும் தொடவில்லை.

இந்த வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சமையலறை அடுப்பு வரை போய்விடும்.

டேங்க்கைக் கழுவி, டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு ஃபில்டர் போட்டு, ஊசி அடைக்கும் துளையைப் பஞ்சால் துடைத்து மாட்டினோம். அப்புறம் மறுபடி டியூபைப் பிடித்தேன். கிண்ண விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே மட்டம் வந்து நின்றது. அப்பா அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தார். அசையவே இல்லை.