நாடா வெட்டிய மறுநாள்: தோட்ட மருந்தகங்களுக்குத் தனியார் உதவி

இலங்கை மலையகத் தோட்டங்களின் சுகாதாரத்தில் தனியார் பங்கு நேற்று வந்ததல்ல. தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்து கொடுப்பது தோட்டத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே சொன்னது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போனபோது, அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த நிதியமும் கூடவே வந்தது. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். பெரும்பாலான தோட்டங்களில் டிஸ்பென்சரி கம்பனியின் பொறுப்பு. தாய் சேய் நலம் பார்க்கும் மருத்துவ மாது அரசின் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ். பெரிய ஆஸ்பத்திரி மாகாணத்தின் கீழோ அமைச்சின் கீழோ. லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இந்த மூன்று கதவையும் தட்டித்தான் ஆக வேண்டும். உதவ வருகிற வங்கியும் ஏற்றுமதி நிறுவனமும் வெளிநாட்டில் இருக்கும் நம்மவரும் நான்காவதாக இன்னொரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் அவளுக்கு அலைச்சல்தான் கூடும்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: அடுத்த மாதச் செலவு யாருடையது?

ஒட்சிசன் தயாரிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 5 லீற்றர் தருவது ஏறத்தாழ 350 வோற் மின்சாரம் இழுக்கும். வெளி வடிகட்டியைப் பெரும்பாலும் வாரம் ஒரு முறை கழுவிக் காயவைக்க வேண்டும். நுவரெலியா, அக்கரப்பத்தனைப் பக்கத்து ஈரக்காற்று உள்ளே இறங்கிவிட்டால் நைதரசனைப் பிரிக்கிற பகுதி கெட்டு, ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரத்திலிருந்து வெறும் காற்று மாதிரித்தான் வரும். ஒட்சிசன் 82 சதவீதத்துக்குக் கீழே போனால் அதை நம்பக் கூடாது. அதைக் காட்டும் அளவுமானி உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள். மின்வெட்டுக்கு ஒரு சிலிண்டரும், அதை நிரப்பி வரப் போக்குவரத்துச் செலவும், உதவுகிறவர் தோட்டத்தோடு எழுதும் உடன்படிக்கையில் தனி வரியாக இருக்கட்டும். இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கிறவர் கிடைப்பார். சிலிண்டர் நிரப்பக் கொடுக்கிறவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

மலைக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. கருவிகளைக் கிருமி நீக்கும் அழுத்தப் பாத்திரத்தைக் கொழும்பில் சரிபார்த்து அனுப்பியிருப்பார்கள்: சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம், 121 பாகை செல்சியஸ், 15 முதல் 20 நிமிடம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மானி அதே 15ஐக் காட்டினாலும் உள்ளே சூடு 121ஐத் தொடாது. ஒவ்வொரு 1,000 அடிக்கும் அரை இறாத்தல் கூட்ட வேண்டும் என்பது கணக்கு. நுவரெலியாவுக்குக் கிட்டத்தட்ட 18. சூட்டை அளந்து தானே இயங்கும் நவீன வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அடுப்பில் வைக்கிற, எடைக்கல் வால்வு உள்ள வகைக்குத்தான் கவனம் தேவை: அந்தப் பாத்திரம் 18 இறாத்தலைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். சூடு ஏறியதா என்று நிறம் மாறிக் காட்டும் பட்டி ஒன்றை ஒவ்வொரு முறையும் உள்ளே வைப்பது மலிவான காவல்.

உயரம் இரத்தப் பரிசோதனையையும் விடாது. மேலே வாழ்கிறவர்களின் உடல் ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டியின்படி 1,000 முதல் 1,499 மீற்றர் வரை டெசிலீற்றருக்கு 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 மீற்றர் வரை 1.1 கிராமும் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் தாய்க்கு நுவரெலியாவில் 11.8 வந்தால் பார்ப்பதற்கு நல்ல இலக்கம், கழித்தால் 10.7, அதாவது இரத்தச்சோகை. மருத்துவ முகாம் நடத்தும் தனியார் ஆய்வுகூடம் ஒரு கணக்கும் மருத்துவ மாது வேறு கணக்கும் எழுதினால் அந்தத் தாயின் அட்டையே குழம்பிவிடும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசி, இரு தரப்பும் ஒரே முறையில் எழுத வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்கினால் பாதிப் பயன் தேநீரோடு போய்விடும். தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொல்வது சிரமம்தான், ஆனாலும் ஒரு மணித்தியால இடைவெளி விடச் சொல்லத்தான் வேண்டும்.

பணம் அதிகம் வேண்டாத, பலன் உடனே தெரிகிற உதவி குளவிக்கொட்டுக்கானது. பலருக்குக் கொட்டிய இடத்து வலியோடு போய்விடும். உடம்பெல்லாம் தடித்து, மூச்சிழுத்து, மயக்கம் வருகிறவருக்குத்தான் நிமிடங்கள் கணக்கு. அவருக்கு அட்ரினலின்: பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில்; சரியாகாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. பயிற்சி பெற்றவர் மட்டுமே போட வேண்டும். மருந்து மலிவு. ஆனால் அலுமாரி பூட்டிக்கிடக்கும், சாவி கொண்டவர் லீவில் இருப்பார், குப்பியின் காலாவதித் திகதி முடிந்திருக்கும். கம்பனியோ உதவுகிறவரோ வருடாந்தப் பயிற்சிக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குப்பிச் சோதனைக்கும் பொறுப்பேற்றால் போதும்.

பிறகு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ். இந்திய மானியத்தில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவையை ஆரம்பத்தில் நடத்தியது இந்தியாவின் இலாபநோக்கற்ற தனியார் நிறுவனம் ஒன்று. 2018இல் சட்டம் இயற்றி ‘1990 சுவசெரிய’ மன்றம் அமைத்ததால், கொடுத்தவர் விலகிய பின்னும் வண்டி ஓடுகிறது. பின்பற்ற வேண்டிய மாதிரி இதுதான். தோட்டத்தில் மிச்சமிருக்கும் வேலை, வண்டி ஏற முடியாத மேல் டிவிஷனிலிருந்து நோயாளியைக் கீழே கொண்டுவருவது. எந்த வளைவில் வண்டி நிற்கும், தடுப்புக் கேற்றின் சாவி இரவில் யாரிடம், ஸ்ட்ரெச்சர் எங்கே என்று எழுதி டிஸ்பென்சரியிலும், வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டி வைக்கலாம். கொழுந்து லொறியில் பிரசவ வலியோடு ஒருத்தியை ஏற்றுவதை இன்னும் ‘ஏற்பாடு’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மருந்தாகக் கொடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பெட்டி துறைமுகத்தைத் தாண்டாது. வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுளாவது மிச்சமிருக்க வேண்டும். மாத்திரை உறையில் தமிழ் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்தால் நேரம் புரியும்.

கிளினிக் நாளில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத பெண்ணுக்குப் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், விழாது. முகாமுக்கு வந்தால் அரைப்பேராவது போய்விடும் என்று தெரிந்தால் அவள் வரமாட்டாள், நாமும் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கை எழுதுவோம். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் என்று கம்பனி எழுதித் தருவதுதான் இந்த உடன்படிக்கைகளில் மிகக் குறைந்த செலவுள்ள வரி. அதே முகாமில் 180/110 இரத்த அழுத்தம் காட்டியவரை ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அளவு, திகதி, போக வேண்டிய இடம் எழுதிய துண்டு கையில் இருக்க வேண்டும். அவர் போனாரா என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்க வேண்டியவரின் பெயரையும் உடன்படிக்கையிலேயே எழுதுங்கள். ‘தோட்ட நிர்வாகம்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை.