சடன் டெத்: சொல்லும் விதியும்

சடன் டெத் என்பது, சமநிலையில் நிற்கும் ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோய், அதில் முதலில் புள்ளி எடுக்கும் அணிக்கு அந்தக் கணமே வெற்றியைக் கொடுத்துவிடும் முறை. எதிரணிக்குப் பதில் வாய்ப்பு கிடையாது.

ஆங்கிலத்தில் இது எதிர்பாராத சாவைக் குறித்த பழைய சொற்சேர்க்கை. 19ஆம் நூற்றாண்டில் காசு சுண்டிப் பார்ப்பவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். மூன்று தடவை சுண்டி இரண்டு தடவை வெல்பவருக்கு என்றில்லாமல், ஒரே சுண்டில் தீர்த்துக்கொள்வதற்கு அப்படிப் பெயர். விளையாட்டுக்கு அது வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைப் பொறுத்தவரை, அந்தக் காசின் பிடி இந்தச் சொல்லை விட்டு முழுதாக விலகவே இல்லை.

அந்த ஆட்டத்தில் பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் புள்ளி எடுக்கும் வாய்ப்பு அதிகம். கூடுதல் நேரத்தில் பந்து முதலில் யாருக்கு என்பதை டாஸ் முடிவு செய்யும். ஆக, டாஸ் வென்று, பந்தை வாங்கி, உதைக்கும் தூரத்துக்கு நகர்ந்து ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்தால் போதும், ஆட்டம் முடிந்தது. எதிரணியின் தாக்குதல் வீரர்கள் ஓரத்தில் நின்றபடியே தோற்றுப்போவார்கள்.

தொடக்கத்தில் இது யாருக்கும் அநீதியாகத் தெரியவில்லை. 1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த, அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம்தான் சடன் டெத் முறையை நாடறியச் செய்தது. அதில் டாஸ் வென்று பந்தை வாங்கிய நியூயார்க் ஜயன்ட்ஸ் தோற்றது. அவர்கள் முன்னேற முடியாமல் பந்தை உதைத்துக் கொடுக்க, ஜானி யூனிட்டஸ் தலைமையில் பால்டிமோர் கோல்ட்ஸ் 80 கெஜம் நகர்ந்து 23–17 என வென்றது. 1974இல் வழக்கமான பருவ ஆட்டங்களுக்கும் இந்த விதி வந்தது.

அப்புறம் காலம் மாறியது. உதைப்பவர்களின் திறமை கூடியது. 1994இல் தொடக்க உதையைப் பின்னுக்குத் தள்ளியதால், பந்தை வாங்கும் அணி இன்னும் நல்ல இடத்திலிருந்து தொடங்கியது. டாஸின் எடை ஏறிக்கொண்டே போனது. 2002இல் டெட்ராய்ட் அணியின் பயிற்சியாளர் டாஸ் வென்றும் காற்று வீசும் திசையைத் தேர்ந்தெடுத்துப் பந்தைச் சிகாகோவுக்குக் கொடுத்தார். சிகாகோ முதல் வாய்ப்பிலேயே ஃபீல்டு கோல் அடித்து வென்றது. அந்த முடிவை இன்றும் ஒரு பெரும் பிழையாகத்தான் பேசுகிறார்கள்.

2010 ஜனவரியில் மின்னசோட்டாவின் தாக்குதலை நடத்திய பிரெட் ஃபாவ்ர் கூடுதல் நேரத்தில் பந்தையே தொடாமல் நியூ ஆர்லியன்ஸிடம் தோற்ற பிறகு விதி திருத்தப்பட்டது. முதல் அணி ஃபீல்டு கோல் அடித்தால் மற்ற அணிக்கும் வாய்ப்பு உண்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) எடுத்தால் ஆட்டம் முடிந்தது என்றார்கள். இது அரைகுறைத் திருத்தம். 2022 ஜனவரியில் பஃபலோவின் ஜாஷ் ஆலனுக்கு அதே கதி நேர்ந்தது. கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து 25 புள்ளி குவித்த ஆட்டம் அது. கூடுதல் நேரத்தில் கான்சாஸ் சிட்டி டாஸ் வென்றது, டச்டவுன் எடுத்தது, 42–36. அந்த ஆட்டம் உட்பட, அதுவரை திருத்தப்பட்ட விதியில் நடந்த 11 பிளேஆஃப் (பருவ முடிவில் வரும் வெளியேற்றுச் சுற்று) கூடுதல் நேர ஆட்டங்களில் 10இல் டாஸ் வென்ற அணியே ஜெயித்திருந்தது. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் ‘தடுப்பாட்டமும் ஆட்டத்தில் ஒரு பகுதிதானே, தடுத்திருக்கலாமே’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தடுக்க வேண்டிய கட்டாயம் இரு அணிக்கும் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.

அதே ஆண்டு பிளேஆஃப் ஆட்டங்களில் இரு அணிக்கும் பந்து உறுதி என்று விதி மாறியது. 2025இல் வழக்கமான பருவத்துக்கும் அதை நீட்டித்தார்கள். இரு அணியும் பந்தைப் பெற்ற பிறகும் சமநிலை நீடித்தால், அங்கிருந்துதான் இப்போது சடன் டெத்.

கல்லூரி ஆட்டம் 1996 முதலே வேறு வழியில் போகிறது. எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்து இரு அணிக்கும் ஆளுக்கொரு வாய்ப்பு. சமநிலை நீடித்தால் மறு சுற்று, அதில் வரிசை மாறும். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நியாயம் இல்லை. ஆனாலும் டாஸ் வென்றவர்கள் ஏறக்குறைய எல்லோருமே முதலில் தடுப்பாட்டத்தைத்தான் கேட்கிறார்கள். கிரிக்கெட்டில் இலக்கு தெரிந்து துரத்துவதுபோல, எத்தனை புள்ளி தேவை என்று அறிந்து ஆடலாம் அல்லவா? 2018இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி ஏழு சுற்றுகளில் எல்எஸ்யூவை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 74–72 என வென்றது. வீரர்கள் படும் பாட்டைக் குறைக்க, 2021 முதல் மூன்றாம் சுற்றிலிருந்து இரண்டு புள்ளி முயற்சி (எல்லைக் கோட்டுக்கு மிக அருகிலிருந்து ஒரே முயற்சியில் பந்தை உள்ளே கொண்டுபோவது) மட்டுமே. அது நியாயமானது, ஆனால் அந்தக் கட்டத்தில் ஆட்டம் வேறொன்றாகிவிடுகிறது.

டாஸ் வென்ற பயிற்சியாளர் என்ன கேட்பது என்று உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருந்தால் அந்த விதி நியாயமானது. என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், 2024இல், சான் ஃபிரான்சிஸ்கோ டாஸ் வென்று பந்தை முதலில் கேட்டது. மூன்றாவது வாய்ப்பு, அதாவது சடன் டெத் வாய்ப்பு, தங்களுக்கு வரட்டும் என்பது கணக்கு. ஃபீல்டு கோல் அடித்தார்கள். புள்ளி எடுக்காவிட்டால் தோல்வி என்று தெரிந்திருந்த கான்சாஸ் சிட்டி, பந்தைத் தக்கவைக்க இருந்த கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியிலும் பந்தை உதைக்காமல் ஓடியது, 25–22 என வென்றது. எந்தத் தேர்வு சரி என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. விதி இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘திடீர் மரணம்’ என்று பெயர்த்தால் விதி விளங்காது, மைதானத்தில் யாரோ இறந்துவிட்டதாகத்தான் தோன்றும். ‘தங்க கோல்’ இதே விதிக்கு உலகக் கால்பந்து சூட்டிய இனிப்பான பெயர், அங்கேயே 2004இல் கைவிட்டார்கள். ‘முந்துபுள்ளி முடிவு’ என்பது என் பரிந்துரை. முந்தி எடுத்த புள்ளியே முடிவு என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஓவர்டைம் என்பதற்கு ஆலையில் ‘மிகைநேரம்’ பொருந்தும், மைதானத்தில் ‘கூடுதல் நேரம்’. என்எஃப்எல்லின் இன்றைய விதியைக் குறிக்க, ‘இரு அணிக்கும் ஒரு வாய்ப்பு, பிறகு முந்துபுள்ளி’ என்று எழுதினால் போதும்.