பராமரிப்பாளரா, உடனிருப்பவரா?

போன மாதம் ஒரு மனநல மருத்துவமனையில் வரிசையில் காத்திருந்தேன். பக்கத்தில் மகனோடு வந்த ஓர் அம்மா. படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க, 'பராமரிப்பாளர் கையொப்பம்' மட்டும் காலி. கேட்டால், "அது ஆஸ்பத்திரி ஆளு போடுறதுன்னு விட்டுட்டேன் தம்பி" என்றார். பதினொரு வருடமாக மகனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

அவர் மேல் தப்பில்லை. ஆங்கில 'கேர்கிவர்' என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்றாலே நம் ஆட்களுக்குக் கை 'பராமரிப்பாளர்' என்ற சொல்லுக்குத்தான் போகிறது. 'பராமரி' வடமொழி 'பராமர்ச'த்திலிருந்து வந்தது, சரி, அதற்காக நான் சண்டைக்கு நிற்கவில்லை. இன்று அது புழங்கும் இடத்தைப் பாருங்கள்: லிஃப்ட் பராமரிப்பு, பூங்காப் பராமரிப்பு, 'மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக நாளை மின்தடை'. டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கிறவருக்கும் பெற்றவளுக்கும் ஒரே சொல்லா? (ஆங்கில 'கேர்' பழங்காலத்தில் துக்கம், கவலை என்று பொருள்பட்ட சொல். அந்த ஈரம் இதில் சொட்டும் இல்லை.)

தனித்தமிழ் அன்பர்கள் 'காப்பாளர்' என்கிறார்கள். அது இன்னும் மோசம். விடுதிக் காப்பாளர் என்றதுமே பூட்டும் சாவியும்தான் நினைவுக்கு வருகின்றன. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுமா இந்தச் சொல்?

2017 மனநலச் சட்டம் 'கேர்கிவர்' யார் என்று சொல்லும் வரையறையில் முதல் நிபந்தனையே நோயாளியோடு கூட வசிப்பதுதான். உறவாக இருக்கலாம், வேறு ஆளாக இருக்கலாம். சம்பளம் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். அப்படியானால் 'உடனிருப்பவர்' என்பதில் என்ன குறை? வார்டில் நர்ஸ் கேட்பதே "கூட இருக்கிறவங்க யாரு?" என்றுதானே. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் வீட்டாரையும் தங்கவைத்தாரே, அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

சும்மா உட்கார்ந்திருப்பவர் போல இருக்கிறது என்றார் மொழிபெயர்ப்பாள நண்பர். 'கூட இருந்து பார்த்துக்கிட்டா' என்று ஊரில் சொல்லும்போது யாரும் அப்படி நினைப்பதில்லை. அவர் தந்த துண்டறிக்கையிலோ இதைவிடப் பெரிய கூத்து: சிகிச்சை முடிவுகளில் துணைநிற்க நோயாளி தானே நியமிக்கும் 'நியமனப் பிரதிநிதி'யும் அதில் பராமரிப்பாளர்தான். அது வேறு ஆள் ஐயா! வயது வந்த எவரும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தனக்குப் பிடித்தவரை நியமித்துக்கொள்ளலாம். கூட வசிக்க வேண்டியதில்லை. மகன் தன் நண்பன் பெயரை எழுதிக் கொடுத்தால், இவர்கள் படிவத்தில் அது அம்மாவின் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.