நான்கு பேர் படுக்கலாமா? புதிதாக இணையக் கடை தொடங்கியவர்களுக்கு

பவானியில் மூன்று தலைமுறையாக ஜமக்காளம் விற்கும் குடும்பம் அது. பேரன் கணினி படித்தவர். தீபாவளிக்கு முன்பு ஓர் இணையக் கடையைத் தொடங்கினார். பொங்கல் முடிந்த கையோடு என்னிடம் வந்தார். ஈரோட்டில் சிறு வணிகர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பதும், மற்றவர்கள் அமைத்துவிட்டுப் போனதைச் செப்பனிடுவதும் என் தொழில். இரண்டாவதில்தான் வருமானம் அதிகம்.

“அண்ணா, ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். விளம்பரத்தைக் கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள்” என்றார்.

ஆட்கள் வருகிறார்கள் என்றால் விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. வந்தவர் வெறுங்கையோடு திரும்புவது கடைக்குள் இருக்கும் கோளாறு. அதைக் கண்டுபிடிக்கும்வரை விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள் என்றேன். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. புதிதாகத் தொடங்கிய எல்லோருக்கும் சுருங்கும். தினமும் கொஞ்சம் பணம் செலவானால்தான் ஏதோ நடக்கிறது என்ற நிம்மதி அவர்களுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கோபியிலிருந்து அவருடைய பெரியம்மா வந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. கைப்பேசியில் மளிகை வாங்கிப் பழகியவர். இந்தத் தளத்தை அதுவரை பார்த்ததில்லை. எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான். “அம்மா, உங்கள் மகள் வீட்டுக்கு இதில் ஒரு ஜமக்காளம் வாங்குங்கள். நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். மனதில் தோன்றுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள்” என்றேன். அவருடைய கைப்பேசி, அவருடைய இணைய இணைப்பு. தம்பியின் விலையுயர்ந்த கைப்பேசியையும் வீட்டு வைஃபையையும் தொடக்கூடாது என்பது என் நிபந்தனை.

முதல் பக்கத்தில், ஆறுகள் கூடும் கோயில் துறையான கூடுதுறையில் சூரியன் உதிக்கும் படம். அழகான படம்தான். ஆனால் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. கடையில் என்ன விற்கிறார்கள் என்பதே தெரியவில்லை. “கோயில் தளமா இது?” என்றார் பெரியம்மா. தம்பி வாயைத் திறந்தார். நான் தொடையில் தட்டினேன். கீழே தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு பெட்டி குதித்து வந்து, மின்னஞ்சலைக் கொடுத்தால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்றது. “ஜிமெயில் எல்லாம் கேட்கிறது, நமக்கு வேண்டாம்” என்று அவசரமாக மூடினார். ஒருவழியாகச் சிவப்பும் பச்சையும் கோடு போட்ட ஜமக்காளம் ஒன்றைத் திறந்தார். அளவு 72க்கு 108 அங்குலம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“இதில் நான்கு பேர் படுக்கலாமா?”

நாங்கள் பதில் சொல்லவில்லை. தளமும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மடித்து வைத்த ஒரே ஒரு படம். போகட்டும் என்று வாங்கும் பொத்தானை அழுத்தினார். கணக்கு தொடங்கச் சொன்னது. கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு இருக்க வேண்டுமாம். இரண்டு முறை முயன்றார். பிறகு கைப்பேசியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, “கடை இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது, சாயங்காலம் நேரில் எடுத்துக்கொள்கிறேன்” என்றார்.

கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு அந்த இரண்டாவது வழி கிடையாது.

அவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன். முகவரி எல்லாம் நிரப்பிய பிறகு, பணம் கட்டும் பக்கத்தில் முதன்முறையாகக் கூரியர் கட்டணம் தலைகாட்டியது. பொருளின் விலையில் ஏறத்தாழ கால் பங்கு. டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கணக்கின்படி, கூடையில் பொருளைப் போட்டவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாங்காமலேயே போய்விடுகிறார்கள். சும்மா பார்க்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு மற்றவர்களிடம் காரணம் கேட்டால், முதலில் வருவது இந்தக் கடைசி நேரக் கட்டணம்தான். கணக்கு தொடங்கச் சொல்லும் தொல்லையும் முன்வரிசையில் இருக்கிறது. பெரியம்மா எந்த ஆய்வையும் படித்தவரல்ல. ஏழு நிமிடத்தில் இரண்டில் ஒன்றைக் காட்டிக் கொடுத்துவிட்டார்.

கணக்கு விவகாரம் எளிது. கணக்கு இல்லாமலே வாங்கும் வசதி பெரும்பாலான கடை மென்பொருள்களில் உண்டு. அமைப்பில் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். பெயர், கைப்பேசி எண், பின்கோடு, முகவரி. ஆறு இலக்கப் பின்கோடை முதலில் கேட்டால் ஊரையும் மாநிலத்தையும் தளமே நிரப்பிக்கொள்ளும். குதித்து வரும் பெட்டியைத் தூக்கிவிட்டோம். சூரியோதயத்தைத் தூக்குவதற்குத்தான் நெடுநேரம் வாதாட வேண்டியிருந்தது.

அதிக நாள் பிடித்தது பொருளுக்கான பக்கம். கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவருடைய அப்பாவிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம், நேரிலும் தொலைபேசியிலும் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுதினார். எத்தனை பேர் படுக்கலாம்? பந்திக்கு விரிக்க நீளமாகக் கிடைக்குமா? துவைக்கும் இயந்திரத்தில் போடலாமா? சாயம் போகுமா? தறியில் நெய்ததா, விசைத்தறியா? டைல்ஸ் தரையில் வழுக்குமா? வேறு கடையில் ஏன் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது? ஒருவர்கூட அங்குலத்தில் கேட்கவில்லை. ஒருவர்கூடப் பாரம்பரியத்தின் அழகைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குத்தான் தளத்தில் மூன்று பத்தி ஒதுக்கியிருந்தார்கள்.

அந்தப் பட்டியலே பக்கத்தின் வாசகம் ஆயிற்று. “6க்கு 9 அடி. பெரியவர்கள் நான்கு பேர் படுக்கலாம்” என்பது விலைக்கு மேலேயே முதல் வரியாக வந்தது. ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றேன். தமிழில் எழுதினால் தரம் குறைந்ததாக நினைப்பார்கள் என்று இளைஞர்கள் தயங்குகிறார்கள். ஜமக்காளத்தை விரித்து வளர்ந்த வீட்டில் அந்தச் சொல்லைத் தமிழில் பார்ப்பவருக்கு ஏற்படும் நெருக்கத்தை எந்த ஆங்கில அடைமொழியும் தராது.

விலைக்கான கேள்விக்கு மழுப்பாமல் பதில் எழுதச் சொன்னேன். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்டப்படியான அடையாளம், உண்டு. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட 11 வகைத் துணிகளில் ஜமக்காளமும் ஒன்று. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு அதே பெயரில், குறைந்த விலையில் சந்தையில் புழங்குகிறது. வாங்குகிறவருக்குத் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசத்தைக் காட்ட வேண்டியது விற்பவர் பொறுப்பு. தரைக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்து குழித்தறியில் நெய்பவரின் கைகளை, அவருடைய சம்மதத்தோடு இருபது விநாடி காணொளியாக எடுத்துப் போட்டோம். தறிச் சத்தத்தை நீக்க வேண்டாம் என்றேன். ஒரு ஜமக்காளம் நெய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் நெய்தவரிடமே கேட்டு எழுதினார்கள்.

படங்களுக்கு ஒளிப்படக் கலைஞரை அழைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு வாசல் திண்ணையில், பிளாஷ் இல்லாமல் எடுத்தவை. முழுதாக விரித்த ஒரு படம், அதன் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்க இன்னொன்று. ஆள் இருந்தால்தான் அளவு கண்ணுக்குப் புலப்படும். ஓரத்தை அருகில் எடுத்தது. மறுபக்கம். மடித்துக் கையில் பிடித்தது. பழைய படம் இரவில் மஞ்சள் விளக்கில் எடுத்தது. அதில் அரக்குச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிந்தது. திரும்பி வந்த முதல் பார்சலுக்கு அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

இனி கூரியர். இதைப் பற்றி இணையதளம் அமைப்பவர்கள் பேசுவதில்லை, ஆனால் கனமான, பருத்த பொருளை விற்பவருக்கு லாபமும் நட்டமும் இங்கேதான். பல கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கிறார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இந்தக் கடையில் எல்லா அளவுக்கும் ஒரே பெட்டி: 50, 40, 25 சென்டிமீட்டர். பெருக்கினால் 50,000, வகுத்தால் 10 கிலோ. உள்ளே இருந்த ஜமக்காளம் நான்கு கிலோ. மீதி ஆறு கிலோ காற்றுக்கு மாதக்கணக்காகப் பணம் கட்டியிருக்கிறார்கள். பொருளை இறுக்கமாக மடித்துக் கட்டி, 45, 30, 15 அளவுப் பெட்டிக்கு மாறினோம். கணக்கு நான்கு கிலோவுக்குச் சற்று மேல் வந்து நின்றது.

கட்டணம் இறங்கியதும், தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் செலவை விலையிலேயே சேர்த்துவிடச் சொன்னேன். மற்ற மாநிலங்களுக்குப் பின்கோடு கொடுத்தால் கட்டணமும் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதும் பொருளின் பக்கத்திலேயே தெரியும். தொகை பெரிதாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட்டால் மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையைப் பலர் வெறுக்கிறார்கள், நியாயமாகவே. வாசல்வரை போய்த் திரும்பும் பார்சலுக்கு இரு வழிச் செலவும் விற்பவர் தலையில். ஆனால் பெயர் தெரியாத புதுக்கடைக்கு முன்பணம் அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? அடியோடு நிறுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. யுபிஐ வழியாக ஒரு சிறு தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு மீதியை வாசலில் வாங்கலாம். அல்லது அனுப்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு. இவர்கள் அழைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவே அழைக்கிறார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு பார்சலைத் திருப்பி அனுப்புவது கொஞ்சம் கடினம்.

கடைசியாகத் தளத்தின் அடிப்பகுதிக்கு வந்தோம். திருப்பி அனுப்பும் விதிகளைத் திறந்து படித்தால், வேறு ஏதோ சட்டைக் கடையின் பெயர் நடுவில் அப்படியே கிடந்தது. தளம் அமைத்தவர் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். பொருளின் பக்கத்திலோ “17 பேர் இப்போது இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று ஒரு வரி மின்னியது. தளத்துக்கு வருகிறவர்களின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்த நேரத்தில் தளத்தில் இருந்தது ஒரே ஆள். நான்தான்.

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் இத்தகைய 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது எல்லாம் அதில் உண்டு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பு அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் லாபம் நமக்குத்தான். பவானியில் மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கும் கடை தன் முகவரியையே தளத்தில் போடாமல் ஒளித்து வைத்திருந்தது. கடை வாசலின் படத்தோடு அதை மேலே கொண்டுவந்தோம்.

வேகமும் தேடலும் பற்றி நீட்ட விரும்பவில்லை. கேமராவிலிருந்து இறக்கிய படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றி ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் கண்ணில் படவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அவர்களுடைய இலவசக் கருவியிலேயே சோதித்துக்கொள்ளலாம். தேடலுக்கு, “பொருள் 14” என்றிருந்த தலைப்பைப் “பவானி கைத்தறி ஜமக்காளம், 6க்கு 9 அடி” என்று மாற்றினோம். ஜமக்காளம், ஜமுக்காளம், சமுக்காளம் என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுகிறார்கள். ஆங்கில எழுத்தில் இன்னும் பல விதம். அவற்றை விளக்கத்துக்குள் இயல்பாக வருமாறு எழுதினோம். எந்தச் சொல்லைத் தட்டி வருகிறார்கள் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி காட்டிவிடும், அதுவும் இலவசம்தான்.

இவ்வளவும் முடிந்து விளம்பரத்தை மறுபடி தொடங்கியபோது சித்திரை பிறந்துவிட்டது. தொகை முன்பு போட்டதில் பாதி. ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. பெரிய எண்ணிக்கை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூரியர் பையன் தினமும் வந்து போகும் அளவுக்கு. பெரியம்மாவும் கோபியிலிருந்தபடி ஒன்று வாங்கினார், யாரையும் கேட்காமல்.

போன வாரம் தம்பி அழைத்தார். இப்போது அதிகம் வரும் கேள்வி சாயம் போகுமா என்பதுதானாம். பக்கத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். போகாது என்று எழுதிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் ஊற வைத்துத் துவைத்துப் பாருங்கள், எத்தனையாவது தண்ணீரில் நிறம் இறங்குவது நிற்கிறதோ அதை எழுதுங்கள் என்றேன். மறுநாள் மூன்று வாளிகளின் படம் வந்தது.